திங்க்பேட் எக்ஸ்230-இல் லினக்ஸ் மின்ட்: எது ஓடும், எது திணறும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ பொதுவாக இன்டெல் ப்ராசசரில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்குவதில்லை. 2012-இல் வந்த லெனோவா எக்ஸ்230-இல் இருப்பது மூன்றாம் தலைமுறை. அலுவலகங்கள் கழித்துவிட்ட இந்த 12.5 அங்குல லேப்டாப், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-இன் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பில் எழுத்து வேலை, இணையம், எக்செல் மாதிரியான கணக்கு எல்லாம் தாராளமாகச் செய்யும். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. வீடியோவும் பேட்டரியும்தான் இடிக்கும்.

வாங்கும்போது கடையிலேயே எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மதர்போர்டில் தனிச் சிப்பில் இருக்கிறது. மதர்போர்டிலுள்ள சின்ன சிமாஸ் பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. மின்ட் ஏற்றிய 8 ஜிபி பென்டிரைவ் கையில் இருந்தால், எஃப்12 அழுத்தி அதிலிருந்தே பூட் செய்து வைஃபை, ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாவற்றையும் நிறுவாமலே சோதித்துவிடலாம். 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் தெரியவில்லையா? உள்ளே இருப்பது அநேகமாக மலிவான வைஃபை கார்டு. கண்ட கார்டை வாங்கி மாற்ற முடியாது. லெனோவா அனுமதிக்காத கார்டைக் கண்டால் பயாஸ் 1802 பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும். லெனோவா பார்ட் எண் உள்ள இன்டெல் 6205 கேட்டு வாங்குங்கள்.

காசைப் போட வேண்டிய இடம், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான எஸ்எஸ்டி. 2.5 அங்குல சாட்டா, தடிமன் 7 மிமீ. பக்கவாட்டு மூடிக்கு ஒரே ஒரு ஸ்க்ரூ. பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே மின்ட் போட்டுவிட்டு 'லினக்ஸ் ஸ்லோ' என்பது வீண்பழி. ராம் டிடிஆர்3 வகை. ஒரு 8 ஜிபியைவிட இரண்டு 4 ஜிபி மேல். கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பங்கு போடுகிறது. இரண்டு ஸ்லாட்டும் நிரம்பினால் டூயல் சேனலில் வேகம் கூடும்.

யூடியூபில் ஃபேன் இரைவதற்குக் காரணம் விபி9 என்ற வீடியோ சுருக்க முறை. அதை டிகோட் செய்ய இந்த கிராஃபிக்ஸ் சிப்பில் வழியில்லை, முழுப் பாரமும் ப்ராசசர் தலையில். அதற்குப் பதில் எச்264 என்ற பழைய முறையைக் கட்டாயப்படுத்தும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போட்டு 720பி-யில் பாருங்கள். திரையே 1366x768 தான். பேட்டரி மாற்றும்போதும் கவனம்: எக்ஸ்230 அசல் அல்லாத பேட்டரிகளைச் சார்ஜ் செய்ய மறுக்கும். டிஎல்பி என்ற மின்சேமிப்பு மென்பொருளை நிறுவி, சார்ஜ் 75 சதவீதத்தில் தொடங்கி 80-இல் நிறுத்தும்படி வைத்தால் இருக்கும் பேட்டரி கொஞ்சம் கூடுதலாக உழைக்கும்.

தமிழ்99 என்ற தட்டச்சு முறைக்கு கீபோர்டு லேஅவுட் பட்டியலில் உள்ளதைச் சேர்த்தால் போதாது. ககர விசையை இரண்டு தடவை தட்டினால் 'கக' என்றே விழும், புள்ளி தானாக வராது. ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவி, லாக்அவுட் செய்து திரும்ப வந்து, அதிலுள்ள தமிழ்99-ஐச் சேர்த்தால் 'க்க' வரும். பாமினியில் அடித்த பழைய கோப்புகளுக்கு அந்த ஃபான்ட்டை நகலெடுத்துப் போட்டால் லிப்ரேஆபிஸ் படித்துவிடும்.

எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் செருகியதும் ஓடும். ஜெராக்ஸ் கடைகளின் செல்லப்பிள்ளையான கேனன் எல்பிபி 2900 படுத்தும். அதன் டிரைவர் பழையது, சிடுக்கானது. டேலியில் கணக்கு எழுதும் கடைக்காரருக்கு இந்த மாற்றமே வேண்டாம். டேலி விண்டோஸுக்கானது.