மரத்தின் வளர்ச்சியை எதைக்கொண்டு அளப்பது? டேப், எஃகு நாடா, தளிரின் நீளம்: ஓர் ஒப்பீடு

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், இப்பகுதியின் பெருமரங்களில் பெரும்பங்கைச் சாய்த்தது. அதன்பின் நட்ட வேம்பும் புங்கனும் பூவரசும் இன்று நிழல் தரும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. ஆனால் எந்த மரத்துக்குத் தண்ணீர் தேவை, எதன் இரும்புக் கூண்டைக் கழற்ற வேண்டும், எதன் கிளையை இந்த ஆண்டு தொடக்கூடாது என்பதையெல்லாம் நாம் இன்னும் இலையின் பச்சையைப் பார்த்தே முடிவு செய்கிறோம். இலை பசுமையாக இருக்கும்போதே தண்டு தடிப்பது குறைந்துபோவதுண்டு. அதை அளந்துதான் அறிய முடியும்.

எல்லோருக்கும் எட்டக்கூடியது தையற்காரரின் இன்ச் டேப். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவு உயரத்தில், தண்டைச் சுற்றி வெள்ளை பெயின்ட்டால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிட்டு, ஆண்டுதோறும் அதே கோட்டின் மேல் சுற்றளவை எடுக்க வேண்டும். கோடு இல்லாமல் குத்துமதிப்பாக அளந்தால், நாலு விரல் மேலே கீழே போனாலும் ஓராண்டு வளர்ச்சி முழுவதும் அந்தப் பிழைக்குள் மறைந்துவிடும். இன்னொரு நுட்பமும் உண்டு. பகலில் இலைகள் நீரை இழுப்பதால் தண்டு சற்றே சுருங்கி, இரவில் மறுபடி உப்புகிறது. மழைக்குப் பின் மரப்பட்டையே நீரை உறிஞ்சித் தடிக்கிறது. நம் ஊரில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுவதால், மே மாத அளவையும் டிசம்பர் மாத அளவையும் ஒப்பிட்டு ‘மரம் நன்றாகத் தடித்திருக்கிறது’ என்று சொல்வது, பெரும்பாலும் தண்ணீரை மரமாகக் கணக்கிடுவதாகவே முடியும். மழை ஓய்ந்து பட்டை உலர்ந்த பிப்ரவரித் தொடக்கத்தில், காலை வேளையில், ஆண்டுக்கு ஒரே ஒருமுறை அளப்பதே என் பரிந்துரை. கொய்யா, மருதம் போலப் பட்டை உரியும் மரங்களிலும், விழுதிறங்கிய ஆலிலும் டேப் சரிப்படாது.

டென்ட்ரோமீட்டர் எனப்படும் எஃகு நாடா, டேப்பைவிட நுண்ணியது. தண்டைச் சுற்றிய நாடாவை ஒரு ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்க, மரம் தடிக்கும்போது நாடாவின் நுனி நகர்கிறது. அந்த நகர்வை மில்லிமீட்டரின் பின்னம் வரை படிக்கலாம். காடுகளில் ஆய்வாளர்கள் இதை நம்பியே பணிபுரிகிறார்கள். ஆனால் பூட்டிய முதல் சில மாதங்களுக்கு நாடா தண்டோடு படிந்து இறுகுவதால், அந்தக் கால அளவுகளை ஒதுக்கிவிட வேண்டும். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் உப்புக்காற்று சாதாரண ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைத்துவிடும் என்பதால் துருப்பிடிக்காத எஃகே வேண்டும். சாலை வேலைக்காக வேர் வெட்டப்பட்ட ஒரு முதுமரம் தேறுகிறதா இல்லையா என்பதை ஒரு பருவத்துக்குள் அறிய வேண்டியிருந்தால் மட்டுமே இந்தச் செலவு தகும்.

நட்டு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகாத கன்றுகளுக்கு இரண்டுமே வேண்டாம். நாலைந்து கிளைகளின் நுனியில் வண்ணநூலைத் தளர்வாகக் கட்டி, அடுத்த பிப்ரவரியில் நூலுக்கு மேலே எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்தால் போதும். முந்தைய ஆண்டை விடப் பாதியாகக் குறைந்திருந்தால் வேர்ப்பகுதியைப் பார்க்க வேண்டும்: மண் இறுகியிருக்கலாம், சிமென்ட் தளம் தண்டை நெருக்கியிருக்கலாம், மூடாக்கு இல்லாமல் மேல்மண் காய்ந்திருக்கலாம். இங்கே உரமூட்டையைத் தூக்குவதுதான் பலரின் முதல் வேலையாக இருப்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. தழைச்சத்தால் நெடுநெடுவென நீளும் மெல்லிய கிளைகளே புயற்காற்றில் எளிதில் முறிபவை.

துளைப்பானால் தண்டைக் குடைந்து ஆண்டு வளையங்களை எண்ணும் முறை நமக்கு உதவாது. தேக்கு போன்ற சில மரங்களைத் தவிர, நம் வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் வளையங்கள் தெளிவாக விழுவதில்லை. குடைந்த துளை பூஞ்சைக்கு வழியும் திறந்துவிடுகிறது.

அளவை எடுத்த பிறகு அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். 40 செ.மீ. சுற்றளவுள்ள புங்கனும் 160 செ.மீ. சுற்றளவுள்ள தூங்குமூஞ்சி மரமும் ஓராண்டில் ஆளுக்கு 2 செ.மீ. கூடியிருந்தால், இரண்டும் சமமாக வளர்ந்ததாகத் தோன்றும். குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிட்டால், புங்கன் சேர்த்தது ஏறத்தாழ 13 சதுர செ.மீ., தூங்குமூஞ்சி சேர்த்ததோ ஏறத்தாழ 51 சதுர செ.மீ. ஆகவே முதிர்ந்த மரத்தின் சுற்றளவு மெதுவாகக் கூடுவதை நோய் என்று கொள்ள வேண்டியதில்லை. அதே மரம் தன் சொந்த முந்தைய ஆண்டுகளைவிடச் சட்டென்று பின்தங்கினால்தான் கவலைப்பட வேண்டும். அந்த ஆண்டு பச்சைக் கிளைகளை வெட்டாமல், காய்ந்தவற்றை மட்டும் நீக்கிவிட்டு, கோடையில் வேர்ப்பரப்பு முழுவதும் ஆழமாக நீர் பாய்ச்ச வேண்டும்.

தென்னைக்கும் பனைக்கும் இவற்றில் எதுவும் பொருந்தாது. அவற்றின் தண்டு மற்ற மரங்களைப் போல ஆண்டுதோறும் தடிப்பதில்லை. நன்றாக வளரும் தென்னை மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மட்டை விடும் என்பதால், புதிதாக விரிந்த மட்டையில் ஒரு பெயின்ட் பொட்டு வைத்து, ஓராண்டில் அதற்குப் பின் எத்தனை மட்டைகள் வந்தன என்று எண்ணினால் போதுமானது.