வளரும் கருவின் மரபணுக் கட்டுப்பாடு: பூலியன் மாடலா, சமன்பாட்டு மாடலா?

கருவில் எந்த மரபணு எப்போது, எந்தச் செல்லில் இயங்குகிறது என்பதைக் கணினியில் கட்டிப் பார்க்க ஆய்வகத்தினரும் கணக்கு தெரிந்தவர்களும் சேர்ந்து உட்கார்ந்தால், முதலில் முடிவு செய்ய வேண்டியது மாடலின் வகையை. பூலியனில் தொடங்குங்கள் என்பதே என் கட்சி.

பூலியன் மாடலில் மரபணு இயங்கும், அல்லது இயங்காது. அளவு என்ற பேச்சே இல்லை. பழ ஈயின் எங்ரெயில்ட் மரபணுவை எடுத்துக்கொள்வோம். பக்கத்துச் செல்லிலிருந்து விங்லெஸ் என்ற புரதத்தின் சமிக்ஞை வர வேண்டும், தன் செல்லில் ஸ்லாப்பி-பேர்ட் என்ற புரதம் இருக்கக் கூடாது. அப்போதுதான் அது இயங்கும். கணக்கே தெரியாத உயிரியலாளரும் இந்த விதியைப் படித்துவிட்டு "இது தப்பு, எங்கள் சோதனையில் வேறு மாதிரி வந்தது" என்று சொல்லிவிடலாம். கூட்டு ஆய்வுக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

வகைக்கெழுச் சமன்பாடுகளோ ஒவ்வொரு புரதத்தின் அளவையும் நேரத்தோடு கணக்கிடுகின்றன. அதற்கு உற்பத்தி வேகம், சிதையும் வேகம் என்று ஏராளமான எண்கள் வேண்டும். பெரும்பாலானவற்றை யாரும் அளந்ததில்லை. 2000-இல் வான் டாசோ குழு, ஏறத்தாழ 50 எண்கள் கொண்ட இப்படியொரு மாடலைப் பழ ஈக் கருவின் உடல் கண்டங்களாக (துண்டு துண்டாக) பிரியும் அமைப்புக்குக் கட்டியது. எந்த மரபணு எதை இயக்கும், எதை அடக்கும் என்று அதுவரை தெரிந்த தொடர்புகளை மட்டும் வைத்தபோது, எந்தச் செல்லில் எது இயங்கும் என்ற வடிவம் சரியாக வரவில்லை. இரண்டு தொடர்புகளைச் சேர்த்ததும், எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தாலும் சுமார் 200-க்கு ஒரு முறை வடிவம் சரியாக வந்தது. அப்படியானால் பாரத்தைச் சுமப்பது எண்கள் அல்ல, தொடர்புகளின் அமைப்புதான். 2003-இல் ஆல்பர்ட்டும் ஆத்மரும் எண்களே இல்லாத பூலியன் மாடலில் அதே வடிவத்தையும், மரபணு பழுதான கருக்களின் வடிவங்களையும் கொண்டுவந்தார்கள். கடல் முள்ளெலிக் கருவின் முதல் 30 மணி நேரத்துக்கு டேவிட்சன் குழு 2012-இல் கட்டியதும் பூலியன் மாடல்தான்.

சரி, சமன்பாடு எங்கே ஜெயிக்கிறது? அளவும் நேரமுமே கேள்வியாக இருக்கும் இடத்தில். பழ ஈக் கருவின் பின்பாதியில் க்ரூப்பெல், க்னிர்ப்ஸ் போன்ற மரபணுக்களின் எல்லைகள் மெல்லத் தலைப்பக்கம் நகர்கின்றன. பின்னால் இருக்கும் மரபணு முன்னால் இருப்பதை அடக்குகிறது. முன்னால் இருப்பது பின்னால் இருப்பதைத் திருப்பி அந்த அளவுக்கு அடக்குவதில்லை. 2004-இல் யேகர் குழு இதைக் காட்டியது சமன்பாடுகளைக் கருவில் அளந்த தரவோடு பொருத்தித்தான். இயங்கும், இயங்காது என்ற இரண்டே நிலைகளை வைத்துக்கொண்டு இந்த மெல்லிய நகர்வைப் பிடிப்பது கஷ்டம்.

அப்புறம், ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று தனித்தனியாக அளந்த தனிச்செல் தரவிலிருந்து, மரபணுத் தொடர்புகளின் வலையமைப்பை ஊகிக்கும் ஸீனிக் (SCENIC) போன்ற கணினிக் கருவிகள். எந்தத் தொடர்பைச் சோதிக்கலாம் என்று பட்டியல் எடுக்க நல்லவை. ஆனால் செல்களைப் பிரித்தெடுக்கும்போதே அவை கருவில் எங்கே இருந்தன என்பது போய்விடுகிறது. அந்தப் பட்டியலை அப்படியே மாடலாக எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு தொடர்பையும் மரபணுவை முடக்கிச் சோதித்த பிறகே விதியாகச் சேர்க்க வேண்டும்.