கேசட்டா, கணினியா: நாட்டுப்புறக் கலைஞரின் வீட்டு ஒலிப்பதிவு

பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்துடனோ கித்தாருடனோ பாடும் அமெரிக்க நாட்டுப்புறக் கலைஞர் ஒருவர் தம் பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்ய விரும்பினால், 1990களின் நடுவில் அவர் முன் மூன்று வழிகள் இருந்தன: நான்கு டிராக் (தனித்தனியாகப் பதியும் ஒலித்தடம்) கொண்ட கேசட் ரெக்கார்டர், மிடி (இசைக்கருவிகளையும் கணினியையும் இணைக்கும் முறை) வசதியுள்ள வீட்டுக் கணினி, ஒலியையே ஹார்ட் டிஸ்க்கில் பதியும் கணினி. எது புதியது என்பதைவிட, அவருடைய வாசிப்பின் உயிரை எது காப்பாற்றியது என்பதே இங்கு முதன்மையான கேள்வி.

டாஸ்காம் நிறுவனம் 1979இல் வெளியிட்ட போர்ட்டாஸ்டுடியோ 144, கடைகளில் கிடைக்கும் சாதாரண கேசட்டிலேயே நான்கு டிராக்குகளைப் பதிந்தது. நாடா இருமடங்கு வேகத்தில் ஓடியதாலும், இரு பக்கத்துக்கும் உரிய இடத்தை ஒரே ஓட்டத்தில் பயன்படுத்தியதாலும், 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடமே கிடைத்தது. நான்குக்கு மேல் வேண்டுமென்றால் மூன்று டிராக்குகளை நான்காவதில் கலந்துவிட்டு, அந்த மூன்றின் இடத்தில் புதிதாகப் பதிய வேண்டும். பதிந்த பின் கலவையைப் பிரிக்க வழியில்லை, நாடாவின் இரைச்சலும் கூடும். இருந்தும், அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜெர்சி வீட்டில் இக்கருவியில் மாதிரிக்காகப் பதிந்த பாடல்களே அவ்வாண்டு 'நெப்ராஸ்கா' ஆல்பமாக வெளிவந்தன. இசைக்குழுவோடு மறுபடி பதிந்து பார்த்தபோது வீட்டுப் பதிவில் இருந்த தனிமை உணர்வு கைகூடவில்லை.

இரண்டாவது வழிக்கு வருவோம். 1985இல் வந்த அடாரி எஸ்டி என்ற வீட்டுக் கணினி, மிடி இணைப்புகளை உடலிலேயே கொண்டிருந்தது. கீபோர்டு கலைஞர்களுக்கு அது பெரும் வரம். ஆனால் மிடி ஒலியைப் பதிவதில்லை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தத்தில் என்ற கட்டளைகளை மட்டுமே பதிகிறது. கித்தாரில் ஒரு கம்பியை மட்டும் இழுத்து வளைக்கும்போது, ஒரே மிடி சேனலில் (கட்டளைகள் செல்லும் வழி) உள்ள எல்லாச் சுரங்களும் சேர்ந்தே வளைந்துவிடும். கமகத்தை அறிந்த நம் காதுகளுக்கு இது எத்தனை பெரிய இழப்பு என்று விளக்க வேண்டியதில்லை. பாடகரின் குரலுக்கோ அதில் இடமே இல்லை. எனவே நம் நாட்டுப்புறக் கலைஞருக்கு இவ்வழி பொருந்தாது என்றே உறுதியாகச் சொல்வேன்.

மூன்றாவது வழியில்தான் உண்மையான போட்டி இருக்கிறது. சிடி தரத்தில் ஒரு மோனோ (ஒற்றை ஒலி) டிராக் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 எம்பி பிடிக்கும். நான்கு டிராக்குகள் கொண்ட நான்கு நிமிடப் பாட்டுக்கு 80 எம்பிக்கு மேல் வேண்டும். 500 எம்பி டிஸ்க்கில் ஐந்தாறு பாடல்களோடு இடம் தீர்ந்துவிடும். முன்பு பதிந்ததைக் கேட்டுக்கொண்டே அடுத்ததைப் பதிய, இரு திசையிலும் ஒரே நேரத்தில் இயங்கும் சவுண்ட் கார்டு தேவை; அக்கால மலிவான கார்டுகள் பலவற்றில் அது முழுமையாக இல்லை. மைக்கில் நுழைந்த குரல் கணினி வழியாகச் சுற்றிக் காதுக்குத் திரும்பத் தாமதமானதால் தாளம் தடுமாறியது. இவை போதாதென்று கணினியின் விசிறிச் சத்தமும் மெல்லிய பாஞ்சோவோடு சேர்ந்து பதிவாகும்.

ஆனால் திருத்தத்தில் கேசட் கணினிக்கு அருகில்கூட வர முடியாது: நல்ல வரியை வெட்டி ஒட்டலாம், பிடிக்காவிட்டால் பழையபடி மீட்கலாம், எத்தனை நகல் எடுத்தாலும் இரைச்சல் கூடாது. ஆகவே அன்றைய கலைஞருக்கு என் பரிந்துரை, பாட்டையும் கித்தாரையும் ஒரே மூச்சில் கேசட்டில் பதிந்துவிட்டு, கலப்பதற்கு முன் நான்கு டிராக்குகளையும் கணினிக்கு மாற்றித் திருத்துவதே. இரண்டு டிராக்குகளை மட்டுமே ஒருசேர ஏற்கும் கார்டு என்றால் நாடாவை இருமுறை ஓட்ட வேண்டும். ஓட்டத்துக்கு ஓட்டம் நாடாவின் வேகம் சிறிது மாறும் என்பதால், ஒருசேரப் பதிந்த குரலையும் கித்தாரையும் முதல் ஓட்டத்திலேயே சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.