எண்ணப் பதிவு நோட்டு: தாள் அருமை, கட்டத்தில்தான் ஓட்டை

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஸ்டேஷனரி கடையில் 180 ரூபாய்க்குக் கிடைக்கிற நோட்டு இது. மனதைக் கலக்கும் எண்ணத்தை எழுதி, அது சரிதானா என்று விசாரித்துப் பார்ப்பதற்கானது. ஏ5 அளவு, நூல் தையல், விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாது. ஜெல் பேனா மை மறுபக்கம் ஊறவில்லை. தாளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கோளாறு கட்டத்தில். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய சிகிச்சை முறையிலிருந்து வந்த பயிற்சி இது. நம்மைக் கலக்குவது சம்பவம் அல்ல, அதைப் பற்றி நாம் எழுதிக்கொள்ளும் தீர்ப்புதான் என்று பழங்காலத் தத்துவ அறிஞர் எபிக்டெட்டஸ் சொன்னதுதான் இதற்கு வேர். ஆகவே தீர்ப்பை விசாரிக்க இடம் வேண்டும். பரவலாகப் பயன்படும் வடிவத்தில் 7 கட்டம்: சம்பவம், உணர்ச்சி (0 முதல் 100 வரை மதிப்பெண்), மனதில் ஓடிய எண்ணம், அதற்கு ஆதாரம், எதிர் ஆதாரம், சமநிலையான எண்ணம், மறுபடி மதிப்பெண். இந்த நோட்டில் ஆதாரக் கட்டம் இரண்டுமே இல்லை. எண்ணத்திலிருந்து நேரே ‘நேர்மறை எண்ணம்’ என்று தாவிவிடுகிறது.

ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி அனுப்பியவர் ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். ரெண்டு தடவை கூப்பிட்டும் மண்டிக்காரர் போனை எடுக்கவில்லை. பயம் 80. எண்ணம்: ‘பணம் போச்சு, ஏமாத்திட்டார்.’ இந்த நோட்டுப்படி அடுத்து ‘எல்லாம் நல்லபடியா நடக்கும்’ என்று எழுதலாம். மனசு அதை நம்பாது. 80 அப்படியே நிற்கும். விடுபட்ட கட்டங்கள் இருந்தால் இப்படி எழுதலாம். ஆதாரம்: போனை எடுக்கவில்லை, அவ்வளவுதான். எதிர் ஆதாரம்: ஏல நேரம், போன மாசக் கணக்கு பாக்கியில்லாமல் வந்தது. இப்போது ‘சாயங்காலம் வரை பார்ப்போம், இல்லாவிட்டால் நேரில் போய்க் கேட்போம்’ என்று எழுதினால் பயம் 40க்கு இறங்க வாய்ப்புண்டு. ஏமாற்றியதற்கே ஆதாரம் கூடுதலாக இருந்தால் சமாதானம் தேடாமல் வண்டியை எடுக்க வேண்டியதுதான்.

எழுதும்போது வழுக்கும் இடங்களை விளக்கப் பக்கம் சொல்லவே இல்லை. ‘ஏன் எடுக்கலை?’ என்பது கேள்வி, அதை விசாரிக்க முடியாது. உள்ளே இருக்கும் பயத்தை வாக்கியமாக எழுத வேண்டும். ‘ஏமாத்துறாங்கன்னு தோணுது’ என்பது உணர்ச்சி அல்ல, எண்ணம். உணர்ச்சி பெரும்பாலும் ஒரே சொல்லில் அடங்கும்: பயம், கோபம், வெட்கம். மதிப்பெண் அசையவே இல்லையென்றால், உண்மையில் சுடும் எண்ணம் வேறு எங்கோ ஒளிந்திருக்கிறது. மகள் கல்லூரி ஃபீஸாக இருக்கலாம்.

தினமும் ராத்திரி எழுதச் சொல்வதும் சரியில்லை. மனசு சட்டென்று மாறிய வேளையை ஒட்டியே எழுதினால்தான் ஓடிய எண்ணம் கையில் சிக்கும்.

இடப்பக்கம் முழுக்க ரோஜாவும் பொன்மொழியும். அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, நடுவில் கோடு போட்டால் விடுபட்ட இரண்டு கட்டம் கிடைத்துவிடும். வாங்கிவிட்டவர்கள் அப்படிச் செய்யலாம். வாங்காதவர்களுக்குக் கோடு போடாத லாங் சைஸ் நோட்டும் ஸ்கேலும் போதும்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாகத் தோன்றுகிறது என்றால் எந்த நோட்டும் வேண்டாம். அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் போடுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. நேரில் பார்க்க வேண்டுமென்றால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.