நாலு வருஷமாக ஒரு ப்ளூடூத் ஸ்கேனர்: மூன்று தடவை பேச மறுத்த கதை

செக் எஞ்சின் விளக்கு எரிந்த ஒரு நாளில் அவசரமாக வாங்கியது இந்த ஸ்கேனர். டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கோளாறுகளைப் படிக்க வைத்திருக்கும் 16 பின் சாக்கெட்) செருகி, போனில் ஒரு ஆப் வழியாகப் பார்க்க வேண்டியது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, ஈ.எல்.எம் 327 என்ற சிப்பைப் பார்த்துச் செய்த ஒரு நகல். கோளாறுக் கோட் படிப்பது, அழிப்பது எல்லாம் ஒழுங்காகச் செய்கிறது. அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. நாலு வருஷத்தில் மூன்று தடவை 'இணைக்க முடியவில்லை' என்று கையை விரித்தது. எழுத விஷயம் இருப்பது அங்கேதான்.

முதல் தடவை, வாங்கிய அன்றே. செருகினேன், சிவப்பு விளக்கு எரிந்தது, 1234 போட்டு போனோடு ஜோடி சேர்த்தேன். ஆப் மட்டும் வண்டி பதில் சொல்லவில்லை என்றது. சாவியைப் போடவே இல்லை என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. போர்ட்டின் 16-ஆம் பின்னுக்கு பேட்டரி கரண்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும், அதனால் ஸ்கேனரின் விளக்கு எரியும். ஈசியூ, அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர், விழித்துக்கொள்ள இக்னிஷன் ஆன் ஆக வேண்டும். சாவியைப் போட்ட பிறகும் ஒரு தகராறு: இன்னொரு ஆப் பின்னணியில் ஓடிக்கொண்டு ப்ளூடூத் இணைப்பைப் பிடித்து வைத்திருந்தது. அதை மூடியதும் சரியாகிவிட்டது.

இரண்டாவதுதான் என்னைப் படுத்தி எடுத்தது. மூன்றாம் வருஷம் ஒரு நாள் செருகினால் விளக்கே இல்லை. ஃபியூஸ் போயிருக்கும் என்று நினைத்தேன். பல வண்டிகளில் இந்த போர்ட்டுக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ். என் வண்டியும் அப்படித்தான். சார்ஜரைச் செருகிப் பார்த்தேன், போன் ஏறியது. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது.

மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்தேன். 16-ஆம் பின்னில் சிவப்பு, 4-ஆம் பின்னில் கறுப்பு. 12.4 வோல்ட். கரண்ட் வருகிறது, ஆகவே ஸ்கேனர் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, தெரிந்த மெக்கானிக்கிடம் புலம்பினேன். "மீட்டரை விடு தம்பி, பல்பைப் போட்டுப் பாரு" என்றார்.

5 வாட் பல்பில் இரண்டு ஒயர் ஒட்டி, அதே இரண்டு பின்களில் வைத்தேன். எரியவில்லை! மீட்டர் இழுக்கும் கரண்ட் இல்லை என்றே சொல்லலாம். தலைமுடி அளவு தொடர்பு இருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். பல்புக்கு 0.4 ஆம்பியர் வேண்டும், அங்கே குட்டு வெளிப்பட்டுவிடும். பல்பின் ஒரு முனையை 16-லேயே விட்டு, மறு முனையை 4-லிருந்து எடுத்து வண்டியின் வெற்று இரும்பில் வைத்ததும் பளிச்சென்று எரிந்தது. ஆக ப்ளஸ் பக்கம் சுத்தம், எர்த்தில், அதாவது மைனஸ் பக்கத்தில்தான் கோளாறு.

4-ஆம் பின் பாடி எர்த், 5 சிக்னல் எர்த். என் வண்டியில் இரண்டின் ஒயரும் ஒரே போல்ட்டில் போய் முடிகின்றன. முன்பு ஸ்டீரியோ மாட்டியவர்கள் அதைக் கழற்றி, பெயின்ட் மேலேயே வைத்து அரைகுறையாக முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுரண்டி, துடைத்து, இறுக்கினேன். ஐந்து நிமிஷ வேலை.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதற்கு முன்னறிவிப்பு மாதக்கணக்கில் என் கண் முன்னாலேயே இருந்தது. ஆப்பில் ஒரு மூலையில் வோல்ட் காட்டும். ஸ்கேனர் தன் காலடியில் அளந்து சொல்லும் எண் அது. பேட்டரியில் நேராக வைத்தால் 12.5, ஆப்பில் 11.6. மலிவுச் சாமான், அப்படித்தான் காட்டும் என்று நானே அதன் வாயை அடைத்துவிட்டேன்.

மூன்றாவது என் கைங்கரியம். போன வருஷம் விளக்கு எரிகிறது, போனோடு சேர்கிறது, வண்டி மட்டும் வாய் திறக்கவில்லை. செருகியைக் கொஞ்சம் அசைத்தால் பேசும், கையை எடுத்தால் நின்றுவிடும். இப்படி விளக்கு எரிந்தும் பேசவில்லை என்றால் பார்க்க வேண்டியது 6, 14 ஆகிய கேன் பின்கள். கேன் என்பது வண்டியின் கம்ப்யூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இரட்டை ஒயர். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் நடுவே ஓம் அளந்தால் 60 அளவில் வர வேண்டும். அந்த ஒயரின் இரு முனையிலும் இருக்கும் 120 ஓம் ரெசிஸ்டர்கள் சேர்ந்து கொடுக்கும் கணக்கு அது. 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எனக்கு வந்தது கச்சிதமாக 60.

பிறகு டார்ச் அடித்துப் பார்த்தபோது 6-ஆம் துளையின் உலோக நாக்கு மற்றவற்றைவிட அகலமாக விரிந்திருந்தது. எர்த்தைச் சரிசெய்த அன்று, ஆர்வக் கோளாறில் மீட்டரின் தடித்த முனையை அந்தத் துளையிலும் திணித்துப் பார்த்தேன். அதே தடித்த முனை தொட்டதால்தான் இப்போதும் மீட்டரில் 60 வந்தது; ஸ்கேனரின் மெல்லிய பின் அந்த விரிந்த நாக்கைத் தொடாமல் நின்றது. பின்பக்கமாக அந்த டெர்மினலை உருவி, மூக்குக் குறடால் லேசாக நெருக்கி, திரும்ப மாட்டினேன். அன்றிலிருந்து ஒரு நீட்டிப்புக் கேபிள் போர்ட்டிலேயே இருக்கிறது. அளப்பதும் குத்துவதும் அதன் முனையில்தான்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் 6, 14 என்று மெனக்கெடுவதற்கு முன் தங்கள் வண்டி கேன் வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேனுக்கு முந்திய பல வண்டிகள் 7-ஆம் பின்னில் கே-லைன் என்ற பழைய ஒற்றை ஒயர் வழியாகப் பேசுபவை. நகல்களில் சில, கேனைத் தவிர வேறு மொழி தெரியாமல் விழிக்கும். 1.5 பதிப்பு என்று பெட்டியில் போட்டிருந்தால் நகல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அசல் சிப் செய்த கனடா நிறுவனம் அந்த எண்ணில் எதையும் வெளியிட்டதில்லை.

ஸ்கேனர் மேல் எனக்கு உள்ள ஒரே குறை, அதில் ஆன்-ஆஃப் பட்டன் இல்லாதது. ஒருமுறை செருகியபடியே விட்டு இரண்டு வாரம் ஊருக்குப் போனேன். அது இழுப்பது 50 மில்லி ஆம்பியர்தான், ஆனால் இரண்டு வாரத்துக்கு 17 ஆம்பியர்-மணி ஆகிறது. திரும்பி வந்து சாவியைத் திருகினால் டிக் டிக் என்ற சத்தம்தான். இது கெட்டுப்போனால் இதே வகையைத்தான் வாங்குவேன், பட்டன் உள்ளதாகப் பார்த்து.