சேத்தக் பிளாக்கில் 60 மி.மீ. கிராங்க்: ஏற்காடு ஏற எடுபடுமா?

பழைய டூ ஸ்ட்ரோக் பஜாஜ் சேத்தக்கின் போர் (சிலிண்டர் உள்விட்டம்) 57, ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 57 மி.மீ.; 145.45 சிசி. அதே பிளாக்கில் 60 மி.மீ. ஸ்ட்ரோக் கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) இறக்கினால் 153.1 சிசி. கூடுவது 5 சதவீதம்தான். பின்னால் ஆளை வைத்துக்கொண்டு ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது அது கைகொடுக்கும். ஓமலூர் ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவருக்கு வீண் செலவு.

பலர் கோட்டை விடுவது வாங்கும்போதுதான். இந்த இன்ஜினில் கிராங்கின் வெப் (கிராங்கோடு சுற்றும் வட்டத் தகடு)தான் பெட்ரோல் கலவை உள்ளே வரும் வழியைத் திறந்து மூடும் இன்லெட் வால்வு. ‘ரேஸ் கட்’ என்று வெப்பை அதிகம் வெட்டிய கிராங்கும் கடையில் கிடைக்கிறது. குறைந்த ஆர்பிஎம்மில் அது பெட்ரோலைக் கார்புரேட்டர் வழியாகவே திருப்பித் துப்பும், மலைக்கு ஆகாது. ஒரிஜினல் அளவில் வெட்டியதையே கேளுங்கள். வெப்பின் விட்டம், மேக்னெட் பக்க டேப்பர் (கூம்பு முனை), பேரிங் உட்காரும் இடம் மூன்றையும் பழைய கிராங்கோடு அளந்து பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

ஸ்ட்ரோக் 3 மி.மீ. கூடினால் பிஸ்டன் மேலே 1.5, கீழே 1.5 மி.மீ. அதிகம் போகும். மேலே கூடியதை ஈடுகட்ட 1.5 மி.மீ. பேக்கிங் (இடையில் வைக்கும் தட்டு) வேண்டும். அதை எங்கே வைப்பது என்பதில்தான் வேலையின் பலனே இருக்கிறது. உதாரணத்துக்கு, 105 மி.மீ. கன்ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு), கிராங்கின் ஒரு சுற்றில் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் துளை) 160 டிகிரி திறந்திருக்கும் சிலிண்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், பேக்கிங்கை சிலிண்டருக்கு அடியில் வைக்கும்போது 169 டிகிரி ஆகிறது. ஹெட்டுக்கு அடியில் வைத்தால் 163தான். முதலாவது ஆர்பிஎம் ஏறினால்தான் இழுக்கும். ஏற்காட்டுக்கு ஹெட் பேக்கிங்தான் சரி.

சேலத்தில் லேத் பட்டறைகளுக்கா பஞ்சம்? பேக்கிங்கை அலுமினியத்தில் கடைந்து வாங்கலாம். பிஸ்டன் உள்ளே நுழையும் என்பதால் உள்விட்டம் 58 மி.மீ. இருக்கட்டும்; இரு முகமும் இணையாக இருக்க வேண்டும். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேல் ரிங் லைனரை விட்டு வெளியே வரவே கூடாது. வந்தால் இந்த முறையை விட்டுவிடுங்கள், ரிங் ஒடியும். ஸ்டட் நீளம் போதுகிறதா, கூலிங் கவர் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சால்டர் கம்பியை நசுக்கி அளந்தால் ஸ்குவிஷ் (பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது ஹெட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி) 1.2 முதல் 1.5 மி.மீ.க்குள் வர வேண்டும். பிஸ்டன் அடிமட்டத்தில் நிற்கும்போது அதன் பாவாடை வெப்பில் தட்டாததையும், கன்ராடு கேஸிலோ சிலிண்டர் அடிவிளிம்பிலோ உரசாததையும் கையால் சுற்றி உறுதி செய்யுங்கள்.

கிராங்கை சுத்தியால் அடித்து இறக்கும் மெக்கானிக்கிடம் வண்டியையே விடக் கூடாது. வெப் விலகி, டயல் கேஜில் 0.03 மி.மீ.க்கு மேல் ஆட்டம் காட்டும். பேரிங்கைச் சூடாக்கி, கிராங்கைக் குளிரவைத்து இறக்கினால் தானாக உட்காரும். கேஸில் வெப்பை ஒட்டியிருக்கும் இன்லெட் பேடில் ஆழமான கீறல் இருந்தால் எந்த கிராங்கும் உதவாது. முதலில் கேஸைப் பாருங்கள்.

கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை ஒரு படி மட்டும் ஏற்றுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து கலவை தானாகவே கெட்டிப்படும், அதாவது பெட்ரோல் பங்கு கூடும். சேலத்தில் அளவுக்கு மீறி ஏற்றிவிட்டால் மேலே போனதும் பிளக் கருத்துப்போகும். ரன்னிங் இன் (புது பாகங்கள் பழகும் காலம்) முடியும்வரை லிட்டர் பெட்ரோலுக்கு 30 மி.லி. ஆயில், பிறகு வழக்கமான 20.