காரைக்குடிப் பக்கம் 'தமிழில்' என்று போஸ்டர் பார்த்துப் படத்துக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவையும் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு காரைக்குடியில் ஒரு தியேட்டருக்குப் போனேன். ஹாங்காங் காமெடிப் படம். ஏணியோடு சாய்வது, வாளிக்குள் கால் மாட்டிக்கொள்வது என்று படம் முழுக்க விழுந்து எழுகிற ரகம். அப்பத்தாவுக்கு அப்படிப்பட்ட படம் என்றால் உயிர். போஸ்டரில் 'தமிழில்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் கானாடுகாத்தானிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்தோம்.

படம் ஆரம்பித்தால் சீனமொழி பேசுகிறார்கள். கீழே ஆங்கில எழுத்து, அதுவும் பாதிதான். மேல்வரி திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, கீழ்வரி திரைக்கு அடியில் தொங்கும் கறுப்புத் துணியில் விழுந்தது. ஒருவன் சோப்பு நுரையில் வழுக்குகிறான். இடுப்புக்கு மேலேதான் தெரிகிறது, காலைக் காணோம். இன்னொருவன் தலையில் ஏதோ விழுகிறது. அந்தத் தலையே திரையில் இல்லை. "ஏன்ப்பா, எதுல வழுக்குனான்?" என்று அப்பத்தா கேட்டுக்கொண்டே இருந்தார். அரைமணி நேரத்துக்கு அப்புறம் கேட்பதையும் விட்டுவிட்டார்.

புரொஜெக்டர் வேலை தெரிந்த நண்பனிடம் பிறகு விசாரித்தேன். படங்கள் பெரும்பாலும் இரண்டு அளவில் வருகின்றன: உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலத்தில் ஸ்கோப், 1.85 மடங்கு அகலத்தில் ஃபிளாட். ஃபிளாட் படத்தை ஸ்கோப் அமைப்பில் ஓட்டினால் மேலேயும் கீழேயும் வழிந்து, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஆபரேட்டர் அறையில் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடுமாம்.

வெளியே போய் மேனேஜரிடம் சொன்னேன். "விழுந்து எழுற படத்துக்கு மொழி எதுக்கு சார்?" என்றார். இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கதவைத் திறக்காதே என்று ஒருவன் கத்தியிருப்பான், மற்றவன் திறந்து மூக்கில் வாங்குவான். அவன் என்ன கத்தினான் என்று தெரிந்தால்தானே அந்த அடிக்குச் சிரிப்பு வரும்? கன்னட 'ஹரிச்சந்திரா'வை 1944-இல் தமிழ் பேச வைத்து வெளியிட்ட ஏ.வி. மெய்யப்ப செட்டியார் பிறந்த ஊர் இது. இங்கே இப்படி ஒரு பதிலா? பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "கேட் தாண்டியாச்சுன்னா கிடையாது" என்று முடித்துவிட்டார். ஆபரேட்டரைக் கூப்பிடவும் இல்லை. இடைவேளையோடு கிளம்பிவிட்டோம். அப்பத்தா பிள்ளைகளுக்காக எடுத்து வந்த மாவுருண்டை டப்பாவை மடியில் வைத்தபடி, வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

டிக்கெட் எடுக்கும் முன்பே கவுண்டரில், "இந்தக் காட்சி தமிழ் டப்பிங்தானா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆன்லைனில் என்றால் மொழி என்ற இடத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். படத்துக்கு முன் தணிக்கைச் சான்றிதழ் வரும்போது அதிலும் மொழி இருக்கும், பாருங்கள். தலையோ காலோ வெட்டுப்பட்டால் இடைவேளை வரை பொறுக்காமல் உடனே எழுந்து போய், "ஃபிளாட் படத்தை ஸ்கோப்பில் ஓட்டுறீங்களா?" என்று கேளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. நான்கு டிக்கெட்டையும் போஸ்டரின் போட்டோவையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.